நாற்பத்திரண்டாம் நாள்

நம் ஜனங்களுக்குச் சத்தியத்தின்மேல் உள்ள நம்பிக்கைக்கு அளவே கிடையாது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறோம். பெற்ற குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறோம். குலதெய்வத்தின் பெயரால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துச் சத்தியம் செய்கிறோம். "இனிமேல் தொடமாட்டேன்" என்று ஒரு குடிகாரன் செய்த சத்தியங்களை எல்லாம் அவன் மனைவி குறித்து வைத்திருந்தால், அந்த நோட்டுப் புத்தகம் அவனுடைய கடன் கணக்கைவிடப் பருமனாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பொய்ச் சத்தியங்கள் என்று நான் நினைக்கவில்லை. செய்கிற நிமிஷத்தில் அவன் மனப்பூர்வமாகவே செய்கிறான். காலையில் செய்த சத்தியம் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போய்விடுகிறது என்பதுதான் விஷயம்.

ஆனால் வருஷத்தில் ஒரு சமயம் மட்டும் இந்தச் சத்தியம் நிலைத்து நிற்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கார்த்திகை மாதம் பிறந்ததும் மாலை போட்டுக் கொள்கிறார்கள். அதுவரையில் ஒரு நாள் தவறாமல் குடித்து வந்தவர்களில் பலர், 41 நாட்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. இது ஐயப்பனுடைய மகிமை என்று பக்தர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆயினும் அந்த மகிமை எந்த வழியாகக் காரியம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மாலை போட்டவன் தனியாக இருப்பதில்லை. சாயங்காலம் ஆனால் பஜனைக்குப் போக வேண்டும். அங்கே அவனைப் போலவே விரதம் இருப்பவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். குருசாமி என்று ஒருவர் இருக்கிறார். அவர் இந்த வழியில் பல வருஷங்கள் போய் வந்தவர். ஊரார் அவனை "சாமி" என்று அழைக்கிறார்கள். நேற்று வரை அவனைக் கண்டு ஒதுங்கிய எதிர்வீட்டுக்காரர், இன்று அவனுக்கு வழி விடுகிறார். வீட்டில் அவனுக்கென்று தனியாகச் சமைக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், சத்தியம் அவனுடையது. அதைத் தாங்கிப் பிடிக்கும் கைகள் பலருடையவை.

மாலையைக் கழற்றிய பிறகு, நாற்பத்திரண்டாம் நாள், அந்தக் கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விலகிக் கொள்கின்றன. பஜனை இல்லை, குருசாமி தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார், "சாமி" என்று கூப்பிட்டவர்கள் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பிறகு நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதத் தூண்டியது, என்னிடம் முன்பு படித்த ஒருவர் எழுதிய கடிதம். அவர் புதுவைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கனகசெட்டிக்குளத்தில் வசிக்கிறார். நகரத்தில் கணக்கு எழுதும் உத்தியோகம். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். மூன்று முறை மாலை போட்டு, மூன்று முறையும் திரும்பி வந்த வாரத்திலேயே பழைய நிலைக்குப் போனவர். இந்தத் தடவை வைத்தியரிடம் போய், முறையாகச் சிகிச்சை பெற்று நிறுத்தியிருக்கிறார். கடிதம் எழுதிய அன்று பத்தொன்பதாவது நாள். "குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று நகரத்தில் நடக்கிறதாம். அதற்குப் போகச் சொல்லி வைத்தியர் சொல்கிறார். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தங்கள் அபிப்பிராயம் என்ன, ஐயா?" என்று கேட்டிருக்கிறார். போகாமலிருப்பதற்குரிய காரணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருக்கிறார். அவர் அனுமதியுடன், பெயரை மட்டும் விட்டுவிட்டு, இந்தப் பகுதியில் பதில் சொல்கிறேன். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் அவர் வசிக்கும் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கனகசெட்டிக்குளம் எல்லையில் உள்ள ஊர். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சட்டத்தின் துணையை நம்பி ஒருவன் குடியை விட்டுவிட முடியுமா என்பதைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. அந்தச் சமயத்தில் புதுவை பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. எல்லைக்கு அந்தப் புறம் கடைகள் மூடிக் கிடந்தன. இந்தப் புறம் திறந்து கிடந்தன. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுவை இந்தியாவுடன் இணைந்தது. கொடி மாறியது, கடை மாறவில்லை. தமிழ்நாட்டிலோ மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-ல் மீண்டும் இறுகி, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையே சர்க்கார் கம்பெனி ஏற்று நடத்துகிறது. ஆக, இந்தப் பக்கம் போனாலும் கடை. அந்தப் பக்கம் போனாலும் கடை. நம் நண்பர் வேலைக்குப் போய்த் திரும்பும் பஸ், இந்தக் கடைகளைக் கடந்துதான் போக வேண்டும்.

மதுவிலக்குக்காகப் பாடுபட்டவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1921-ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியதும், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி "விமோசனம்" என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியதும், அதில் கல்கி துணையாக இருந்து உழைத்ததும் நம் தேச சரித்திரத்தில் மறக்கத் தகாத சம்பவங்கள். ஆனால் கடையை மூடுவது ஒரு காரியம்; கடை திறந்திருக்கும்போதே அதைத் தாண்டி வீட்டுக்கு வருவது வேறொரு காரியம். முதற்காரியத்தைத் தேசம் செய்ய வேண்டும். இரண்டாவது காரியத்தை, தேசம் செய்து முடிக்கும் வரையில் காத்திராமல், இன்று சாயங்காலமே ஒருவன் செய்தாக வேண்டியிருக்கிறது.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றிய கதை ஒன்று உண்டு. 1935-ஆம் வருஷம் மே மாதம், வில்லியம் வில்சன் என்ற நியூயார்க் வியாபாரி, அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தைச் சேர்ந்த ஆக்ரன் என்ற ஊருக்கு ஒரு கம்பெனி விவகாரமாகப் போயிருந்தார். அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போன காரியம் தோற்றுவிட்டது. பழக்கமில்லாத ஊர், கையில் பணம் அதிகம் இல்லை, தங்கியிருந்த ஹோட்டலின் ஒரு பக்கத்தில் மதுச்சாலை, அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு ஒன்று தோன்றியது: "என்னைப் போலவே தவிக்கும் இன்னொரு குடிகாரனைத் தேடிப் பிடித்துப் பேசினால்தான் நான் இன்று பிழைப்பேன்." உள்ளூர்ப் பாதிரிமார்களுக்கு டெலிபோன் செய்து, கடைசியில் ராபர்ட் ஸ்மித் என்ற டாக்டரின் தொடர்பைப் பெற்றார். ஸ்மித் ரண வைத்தியர், மிகுந்த குடிகாரர். கால் மணி நேரம் மட்டும் பேசிவிட்டுப் புறப்படுவது என்ற நிபந்தனையுடன்தான் அவர் வந்தார். பேச்சு பல மணி நேரம் நீண்டது.

இந்தச் சந்திப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. வில்சன் உபதேசம் செய்யப் போகவில்லை. தம்மைக் காப்பாற்றிக் கொள்ளப் போனார். ஸ்மித்துக்கு அதுவரை புத்திமதி சொன்னவர்கள் ஏராளம். "உன் நோய் எனக்கும் உண்டு" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். சில வாரங்களில் ஸ்மித் ஒரு முறை வழுக்கி விழுந்தார், பிறகு எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் தேதியையே "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்ற சங்கத்தின் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 1957-ல் அந்தச் சங்கம் இந்தியாவுக்கு வந்தது. நம் ஊர்களில் "ஏ.ஏ. கூட்டம்" என்று சொல்கிறார்கள். டாக்டர் நம் நண்பரைப் போகச் சொன்னது இந்தக் கூட்டத்துக்குத்தான்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒரு பள்ளிக்கூட அறையிலோ, தேவாலயத்தை அடுத்த கூடத்திலோ, ஆஸ்பத்திரியின் ஒரு மூலையிலோ சில நாற்காலிகள். மணிக் கணக்கு ஒன்று அல்லது ஒன்றரை. ஒருவர் பின் ஒருவராகத் தம் பெயரைச் சொல்லி, தாம் குடித்த விதம், விட்ட விதம், இன்று இருக்கும் விதம் ஆகியவற்றைச் சொல்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை; விவாதம் கிடையாது; தீர்ப்பும் கிடையாது. பேச விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். கட்டணம் இல்லை, விருப்பமுள்ள அங்கத்தினர்கள் போடும் காசில் வாடகையும் தேநீரும் நடக்கின்றன. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. அங்கத்தினராவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்ற பெரிய சத்தியத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. "இன்றைக்கு ஒரு நாள்" என்பதே அவர்கள் கணக்கு. நாளைக்கும் அதே ஒரு நாள்.

இவ்வளவு நல்லவர்கள் மதுவிலக்கு வேண்டும் என்று ஏன் தீர்மானம் போடவில்லை என்று தேசபக்தர் ஒருவர் கேட்கலாம். அதற்கும் ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1840-ல் பால்டிமோர் நகரத்தில் ஆறு குடிகாரர்கள் கூடி, இதே மாதிரி அநுபவம் சொல்லும் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரைத் தாங்கிய அந்த இயக்கம் மளமளவென்று வளர்ந்தது. பிறகு அரசியல் சர்ச்சைகளில் சிக்கி, சில வருஷங்களுக்குள் கலைந்து போயிற்று. பின்னால் வந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டார்கள். குடியை விடுவதைத் தவிர வேறு எந்த விஷயத்திலும் ஏ.ஏ. சங்கத்துக்கு அபிப்பிராயம் இல்லை.

இனி, நம் நண்பருடைய ஆட்சேபங்களுக்கு வருவோம்.

"என்னை அங்கே யாராவது பார்த்துவிட்டால்?" என்பது முதலாவது. பெயரை வெளியிடாமை சங்கத்தின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்களுடைய நியமம். ஆனாலும் புதுவை சிறிய ஊர். தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கவே இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படி ஒருவர் இருந்தால், அவர் எந்தக் காரியமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நம் நண்பர் யோசிக்க வேண்டும். மேலும், அவர் குடித்தது ஊருக்குத் தெரியாது என்று நம்புகிறவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். குடிக்கப் போகும்போது பார்த்த கண்களுக்கு, குடியை விடப் போவதும் தெரிந்தால் நஷ்டம் என்ன?

"நான் அவ்வளவு மோசமானவன் இல்லை, வேலை போகவில்லை, வீடு போகவில்லை" என்பது இரண்டாவது. கூட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தவர் ஒருவரின் கதையைக் கேட்டு, "நாம் இந்த வகுப்பு அல்ல" என்று எழுந்து வந்தவர்கள் உண்டு. பற்கள் எல்லாம் விழுந்த பிறகுதான் பல் வைத்தியரிடம் போவேன் என்பது போன்ற வாதம் இது. இன்னொருவருடைய கதையில் தனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடுவது சுலபம். ஒற்றுமையைத் தேடினால்தான் போனதற்குப் பிரயோஜனம்.

"அங்கே கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களாம்" என்பது மூன்றாவது. உண்மைதான். அந்தச் சங்கத்தின் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் அவரவர் அறிந்துகொண்ட விதத்தில் கடவுள் என்றே அதற்கு விளக்கமும் இருக்கிறது. முருகன் என்றாலும் சரி, அல்லா என்றாலும் சரி, ஏசு என்றாலும் சரி, எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தி என்று கொண்டாலும் சரி, யாரும் தடுப்பதில்லை. அதுவும் ஒத்துக் கொள்ளாதவர்களுக்காக, கடவுள் பேச்சே இல்லாமல் பயிற்சி முறையில் நடக்கும் "ஸ்மார்ட் ரிகவரி" என்ற சங்கம் 1994 முதல் இருக்கிறது. அதன் கூட்டங்கள் இணைய வழியிலும் நடக்கின்றன.

"குடியைப் பற்றிய பேச்சைக் கேட்டால் ஆசை வந்துவிடுமோ" என்பது நான்காவது. இது சாக்கு அல்ல; நியாயமான அச்சம். புதிதாக விட்டவர் சிலருக்கு அப்படி நேருவதுண்டு. அதற்கு வழி, வந்த ஆசையை மறைத்துக்கொண்டு பஸ் ஏறாமல், அங்கேயே பழைய அங்கத்தினர் ஒருவரிடம் சொல்லிவிடுவது. அவர் அதைக் கேட்டு அதிர்ச்சி அடைய மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் நிபுணர். அவருடைய டெலிபோன் எண்ணை வாங்கிக்கொண்டு, தம் குருசாமியாகவே அவரை ஏற்றுக் கொள்ளலாம். அந்தச் சங்கத்திலும் இத்தகைய வழிகாட்டி உண்டு.

"தூரம், திரும்ப நேரமாகிவிடும்" என்பது கடைசி. முன்பு கடையில் கழித்த மாலை நேரத்துக்கு அவர் பஸ் அட்டவணை பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நேரம் இப்போது காலியாகக் கிடக்கிறது, அதுதான் அபாயம். காலிப் பாத்திரத்தில் பழைய சரக்கே வந்து விழும். உடம்பு முடியாத நாளிலும் மழை நாளிலும் வீட்டிலிருந்தபடியே கைபேசியின் மூலம் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வசதியும் இப்போது வந்துவிட்டது. ஆனால் ஆரம்ப காலத்தில் நேரில் போவதே நலம் என்பது என் எண்ணம். கைபேசியை அணைத்துவிட்டு எழுந்து போவது சுலபம். பக்கத்து நாற்காலிக்காரரை விட்டு எழுந்து போவது கொஞ்சம் கஷ்டம்.

இந்தக் கூட்டங்களால் உண்மையில் பலன் உண்டா? கணக்கு வாத்தியாரின் பழைய மாணவர் அல்லவா, கணக்கும் கேட்டிருக்கிறார். வைத்திய ஆராய்ச்சிகளைத் தொகுத்து நிறுத்துப் பார்க்கும் "காக்ரேன்" என்ற அமைப்பு, 10,565 பேர் சம்பந்தப்பட்ட 27 ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து 2020-ல் முடிவு வெளியிட்டது. மற்றச் சிகிச்சை முறைகளைப் பெற்றவர்களில் ஒரு வருஷத்துக்குப் பிறகு குடியைத் தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 35 பேர். ஏ.ஏ. சங்கத்தில் கலந்துகொள்ளும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர். இரண்டு வகையிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வழியில் இடறியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இது மந்திரம் அல்ல. ஆனால் நூற்றில் ஏழு பேர் என்பது சின்ன வித்தியாசம் என்று நினைப்பவர்கள், அந்த ஏழு வீடுகளின் வாசலில் போய் நின்று பார்க்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூட்டம் வைத்தியத்துக்குப் பதில் அல்ல. நீண்ட காலம் தினமும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென்று தாமாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கமும் வியர்வையும் முதலில் வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஜன்னி வரலாம். உயிருக்கே அபாயமான நிலை இது. மாலை போட்ட மறுநாளில் சிலருக்குக் கை நடுங்குவதைப் பார்த்துச் "சாமி இறங்குகிறது" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் வைத்தியர், பிறகு கூட்டம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்தும்படி கூட்டத்தில் யாராவது சொன்னால், அதைக் காதில் போட்டுக் கொள்ளக் கூடாது. அங்கத்தினர் யாரும் வைத்தியர் வேஷம் போடக் கூடாது என்பது அந்தச் சங்கமே வெளியிட்டிருக்கும் யோசனை. புதுவையில் ஜிப்மரின் மனநல வைத்தியப் பகுதியில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் சர்க்காரின் 14446 என்ற குடி, போதை மீட்பு எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ கட்டணமின்றி விசாரிக்கலாம். 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் குடிக்கு அடிமையானவர்கள் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவியைப் பெறுகிறார். நம் நண்பர் அந்த ஒருவராகிவிட்டார். பாதி வழி வந்தவர் அங்கேயே நின்றுவிடலாகாது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானில் 1963-ல் அகில தேச அமைப்பாகத் திரண்ட "டான்ஷூகாய்" என்ற மதுத்துறப்புச் சங்கத்தில் பெயரை மறைப்பதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து உட்காருகிறார்கள். அமெரிக்காவில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்நின்று, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று "அல்-அனான்" என்ற தனிச் சங்கத்தை 1951-ல் அமைத்தார். நம் சென்னையில், குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். பின்னர் 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் பாடம் உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம் போட்டு, சுற்று வட்டாரத்துக்காரர்களை ஒன்றாக வைத்துச் சிகிச்சை செய்ததும் உண்டு. ஒரே ஊரில் நான்கு பேர் ஒன்றாக விட்டால், பிறகு அந்த நான்கு பேருமே ஒருவருக்கொருவர் கூட்டம்தான். கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒருவர் இன்று நகரத்துக்குப் போனால், ஒரு வருஷம் கழித்து அந்த ஊரிலேயே நாலு நாற்காலி போடுவதற்கு ஆள் கிடைத்துவிடும்.

அவருடைய மனைவிக்கும், அவரைப் போன்ற மற்றப் பெண்மணிகளுக்கும் மூன்று வார்த்தை. வீடு திரும்பியதும் வாயை முகர்ந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். "இத்தனை வருஷம் என்ன பாடு படுத்தினீர்கள்" என்ற கணக்கைத் தீர்க்க வேண்டியதுதான். ஆனால் இருபதாவது நாள் அதற்கு முகூர்த்தம் அல்ல. கூட்டத்துக்குப் போகிற நாளில் மற்ற வேலைகளை அவர் தலையில் சுமத்தாதீர்கள். அதே சமயம், அவரை நிறுத்தி வைப்பது உங்கள் பொறுப்பு என்றும் எண்ணிக் கொள்ளாதீர்கள். குடிக்க வைத்தவர் நீங்கள் அல்ல. குடியை விடச் செய்யும் சக்தியும் உங்கள் கையில் இல்லை. அவர் அடித்தாலோ பயமுறுத்தினாலோ பொறுத்துக்கொண்டிருப்பது பத்தினி தர்மம் அல்ல. உடனே உதவி தேட வேண்டும். உங்கள் மன நிம்மதிக்கு வேண்டிய துணையை நீங்களும் தேடிக் கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் நம் நண்பருக்கு என் முடிவு என்ன? "சேரலாமா, வேண்டாமா?" என்ற பெரிய கேள்விக்கு அவர் இப்போது விடை காண வேண்டியதில்லை. குடியை விட்ட முதல் மாதத்தில் தூக்கம் சரியாக வராது, கோபம் வரும், மனது ஒரு நாள் ஒன்றைச் சொல்லும், மறுநாள் வேறொன்றைச் சொல்லும். இத்தனை நாள் கடைக்குப் போவதற்குக் காரணம் கண்டுபிடித்துப் பழகிய அதே புத்தியிடம், கூட்டத்துக்குப் போகலாமா என்று தீர்ப்புக் கேட்டால், போகாமலிருக்கத்தான் அது காரணம் கண்டுபிடிக்கும். ஆகவே தீர்ப்பை ஒத்தி வைத்துவிட்டு, ஆறு கூட்டங்களுக்கு மட்டும் போய் வரட்டும். முதல் கூட்டத்தில் பேச வேண்டாம். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் அதனால் எல்லாக் கூட்டமும் அப்படியே என்று எண்ணாமல், வேறொன்றைப் பார்க்கட்டும். பணம் பறிப்பவர்களோ, மருந்தை நிறுத்தச் சொல்பவர்களோ, கட்டாயப்படுத்துபவர்களோ இருந்தால் எழுந்து வந்துவிடட்டும். ஆறும் முடிந்த பிறகு யோசிக்க வேண்டியது, "எனக்கு அங்கே பிடித்ததா?" என்று அல்ல. "அங்கே போன நாட்களின் இரவு எப்படிக் கழிந்தது? போகாத நாட்களின் இரவு எப்படிக் கழிந்தது?" என்று கணக்குப் பார்க்கட்டும். கணக்கு எழுதுவது அவருக்குப் பழக்கமான தொழில்தானே.

நடுவில் ஒரு நாள் வழுக்கி விழுந்தாலும் போவதை நிறுத்தக் கூடாது. அன்றைக்குத்தான் அவசியம் போக வேண்டும். டாக்டர் ஸ்மித்தும் விழுந்து எழுந்தவர்தான். அவர் எழுந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள், விழுந்த நாளை அல்ல.

இன்னொன்றும் அவர் யோசிக்க வேண்டும். அவர் போவது தமக்காக மட்டும் அல்ல. அந்த அறையில் மூன்றாவது நாளில் இருக்கும் ஒருவன் கை நடுக்கத்துடன் உட்கார்ந்திருப்பான். இருபது வருஷமாகக் குடிக்காதவரின் பேச்சு அவனுக்குப் புராணக் கதை மாதிரி இருக்கும், நம்பிக்கை வராது. பத்தொன்பது நாள் தாண்டிய ஒருவர் பக்கத்தில் இருந்தால், "இவரால் முடிந்திருக்கிறதே" என்று தோன்றும். புதியவனுக்குத் தைரியம் கொடுக்க அந்த அறையில் நம் நண்பரைவிடத் தகுதியானவர் இல்லை. பேசவும் வேண்டியதில்லை, போய் உட்கார்ந்தால் போதும்.

தம்பி, இந்த இதழ் உன் கைக்கு வரும்போது நாள் இருபத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும். நாற்பத்திரண்டாம் நாள் தூரத்தில் இல்லை. அதற்குள் ஆறு கூட்டங்கள் முடிந்துவிடும். இந்த வாரம் எந்தக் கிழமை கூட்டம் என்பதை இன்றைக்கே வைத்தியரிடம் கேட்டுக் குறித்து வை.